மூன்று தரம் கூப்பிடுகிறவன்

லிஃப்ட் வேலையில் ஒரு சட்டம் உண்டு. அதை எழுதி ஒட்டினாலும் எங்கள் ஆட்கள் படிக்கமாட்டார்கள், ஆனால் மீறவும் மாட்டார்கள். லிஃப்டுக்கு அடியிலுள்ள குழிக்குள் இறங்குகிறவனும் சரி, ஆள் ஏறும் கூண்டின் கூரைமேல் ஏறுகிறவனும் சரி, முதலில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு அதன் வளையத்தில் தன் பூட்டை மாட்டவேண்டும். சாவி அவன் பையில் இருக்கும். அந்தப் பூட்டுக்கு வேறு சாவி கிடையாது. கட்டடத்துக்குச் சொந்தக்காரனே வந்து குதித்தாலும், உள்ளே போனவன் வெளியே வந்து தன் கையால் திறக்கும்வரை லிஃப்ட் நகராது.

நான் இதற்கு மேலும் ஒன்று செய்வேன். சுவிட்சைப் போடுவதற்கு முன்னால் கீழ்க்கதவைத் திறந்து, குழிக்குள் தலையை நீட்டி, "யாராச்சும் இருக்கீங்களா?" என்று மூன்று தரம் கூப்பிடுவேன். பூட்டு கழன்றாகிவிட்டது, ஆட்கள் எல்லாம் கை கழுவிவிட்டு வாசலில் நிற்கிறார்கள் என்றாலும் கூப்பிடுவேன். அதனால் எனக்கு 'மூணுதரம்' என்று பேர். இந்த ஊரில் எந்தக் கட்டடத்து வாட்ச்மேனைக் கேட்டாலும் தெரியும். என் மனைவிகூட, "மூணு தரம் கூப்பிட்டாத்தான் சாப்பிட வருவீங்களா?" என்று நக்கலடிப்பாள். ஏன் கூப்பிடுகிறேன் என்று யாரும் கேட்டதில்லை. ஏதோ வேண்டுதல் என்று விட்டுவிட்டார்கள். இருபத்திரண்டு வருஷம் கழித்து ஒருவன் கேட்டான்.

முதலில் வீட்டைச் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு இரண்டு தாரம், மூன்று பிள்ளைகள். மூத்தவளுக்கு நான் ஒருத்தன். அம்மா போனபிறகு வந்த சித்திக்கு இரண்டு பேர். பெரியவனை நாங்கள் வெள்ளைச்சட்டை என்போம். கடைசிப் பையன் குட்டி. குட்டிக்கு இரண்டு வயதாகும்போது சித்தியும் போய்விட்டாள். அப்புறம் அவனை வளர்த்தது நானும் என் மனைவியும்தான். இன்று அவனுக்கு முப்பது வயது, என்னைவிட நல்ல மெக்கானிக், இன்னும் பேர் குட்டிதான்.

வெள்ளைச்சட்டைக்கு அந்தப் பேர் வந்தது அப்பாவால். எனக்குக் கிரீஸ் படிந்த காக்கி. அவனுக்கு அளவெடுத்துத் தைத்த வெள்ளைச் சட்டை, பையில் பேனா. அவனை அப்பா குழியில் இறக்கவே இல்லை. நாங்கள் வேலை செய்த இடங்களைச் சுற்றிப் பார்த்து, சரியாகச் செய்தோமா என்று அப்பாவிடம் வந்து சொல்வதுதான் அவன் வேலை. அவன் ஒரு நாளும் பொய் சொன்னதில்லை. பொய் சொல்லியிருந்தால் மன்னித்திருப்பேன்.

பட்டறைச் சுவரில் ஒரு பலகை, அதில் ஆளுக்கொரு கொக்கி, கொக்கிக்கொரு பூட்டு. அவனுக்குக் கொக்கி இல்லை. சட்டையில் கறை படக்கூடாதவனுக்குப் பூட்டு எதற்கு என்று அப்பா வாங்கித் தரவில்லை.

எனக்கு இருபத்தொன்பது, அவனுக்கு இருபது. ஒரு துணிக்கிடங்கில் வேலை. அதற்கு முந்தின நாள்தான், இன்னொரு கட்டடத்தில் நான் கிரீஸ் போடாமலே போட்டதாக எழுதியதைக் கண்டுபிடித்து அப்பாவிடம் சொல்லியிருந்தான். அப்பா வேலையாட்கள் முன்னால் வைத்து என்னை வாங்கு வாங்கென்று வாங்கினார். மறுநாள் இவன் கிடங்குக்கு வந்து, "குழியில தண்ணி கசியுதாமே, நான் பார்க்கணும். உன் பூட்டைப் போட்டுக்கோண்ணா, எனக்குத்தான் இல்லையே" என்றான். என் பூட்டை மாட்டினேன். அவன் சட்டையைக் கழற்றி மடித்து என் கையில் கொடுத்துவிட்டு ஏணியில் இறங்கினான்.

அந்தச் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது எனக்கு வயிறு எரிந்தது. இவனை இங்கேயே கொஞ்ச நேரம் வைத்தால் என்ன என்று தோன்றியது. கதவைச் சாத்தினேன். உள்ளே இருட்டாகியிருக்கும். அவன் கூப்பிட்டான். "அண்ணா." கொஞ்சம் பொறுத்து இன்னொரு தரம், பிறகு இன்னொரு தரம். கொஞ்சம் கூவட்டும் என்று நினைத்தேன். சட்டையைக் கதவுக் கைப்பிடியில் மாட்டினேன். பூட்டைத் திறந்து எடுத்துக்கொண்டு எதிர்க்கடைக்கு டீ குடிக்கப் போனேன்.

ஏன் பூட்டை எடுத்தேன்? கிளம்பும்போது பூட்டை எடுப்பது கைப்பழக்கம். இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், இருபத்திரண்டு வருஷமும். சொல்லச் சொல்ல எனக்கே நம்பிக்கை குறைந்துகொண்டு வந்தது.

பூட்டு இல்லாததைப் பார்த்த கிடங்கு வாட்ச்மேன் வேலை முடிந்துவிட்டதென்று சுவிட்சைப் போட்டான். என் கையில் பாதி பன் இருக்கும்போது சத்தம் கேட்டது. கூண்டு குழிக்குள் இறங்கியபோது தம்பி ஓரமாக ஒடுங்கிப் படுத்திருந்ததால் உயிர் தப்பினான். இடது பாதம் போய்விட்டது.

அப்பா கேட்டபோது, "அவன் இறங்கினதே எனக்குத் தெரியாதுப்பா" என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன், மறைந்தும் விட்டது. "பூட்டு இல்லீங்க" என்று வாட்ச்மேன் சத்தியம் செய்தான். அவன் சொன்னது உண்மைதானே. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தவன், "அண்ணன் பூட்டு இருந்துச்சுப்பா" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். வாழ்க்கையில் முதல் தடவையாக அப்பா அவனை நம்பவில்லை. "உன் தப்பை அண்ணன் தலையில கட்டாதே" என்றார். அதற்குமேல் அவன் பேசவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்தவன் வீட்டுக்கு வரவே இல்லை.

அது நடந்த சில வாரத்தில் ஒரு பிரார்த்தனைக் கூடத்தில் லிஃப்ட் பழுது. குழியில் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தேன். லிஃப்ட் ஓடுகிற வழி குழாய் மாதிரி, மேல்மாடியில் பேசுவதெல்லாம் கீழே கேட்கும். ஒருவர் எபிரேய வேதத்திலிருந்து அண்ணன் தம்பிகள் கதை சொல்லிக்கொண்டிருந்தார். அப்பனுக்குச் செல்லமான தம்பியின் அங்கியை உரித்துவிட்டு, அவனைக் குழியில் போட்டார்களாம். போட்டுவிட்டு உட்கார்ந்து சாப்பிட்டார்களாம். எனக்கு ஸ்பேனர் கைநழுவிக் கீழே விழுந்தது. மீதி வேலையை ஆளை விட்டு முடிக்கச் சொல்லிவிட்டு ஓடிவந்துவிட்டேன். அதனால் அந்தக் கதையின் முடிவு எனக்கு வெகுநாள் தெரியாது.

அப்போதிருந்துதான் மூன்று தரம் கூப்பிட ஆரம்பித்தேன். இன்னொன்றும் செய்தேன், அது யாருக்கும் தெரியாது. என் ஆட்கள் எல்லோருடைய பூட்டுக்கும் இரண்டாவது சாவி வைத்துக்கொண்டேன். அது சட்டத்துக்கு விரோதம். ஆனால் யார் எங்கே இருக்கிறான், எது பூட்டியிருக்கிறது, எது திறந்திருக்கிறது என்பது என் கையில் இருக்கவேண்டும் என்று எனக்கு வெறி. அதற்குப் பாதுகாப்பு என்று பேர் வைத்துக்கொண்டேன்.

இனி இந்த மாதம் நடந்தது.

எட்டு மாடி அலுவலகக் கட்டடம். காலையில் குட்டி தன் பூட்டை மாட்டிவிட்டு, "ஒரு போல்ட் வாங்கணும்ணா, வாங்கிட்டு வந்து கூரைமேல ஏறறேன்" என்றான். நான் பக்கத்துக் கட்டடத்துக்குப் போய்விட்டுப் பதினொரு மணிக்கு வந்தேன். குட்டியின் பைக் இல்லை. சரி, கடைக்குப் போயிருக்கிறான். கட்டடத்து மேனேஜர் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்துக்கொண்டிருந்தார். "எங்க டைரக்டர் அரை மணி நேரமா நிக்கிறார், ஒரே ஒரு தடவை மேல கொண்டுபோய் விட்டுட்டு அப்புறம் உங்க ரிப்பேரைப் பாருங்க!"

கீழ்க்கதவைத் திறந்து குழிக்குள் மூன்று தரம் கூப்பிட்டேன். பதில் இல்லை. என்னிடமிருந்த சாவியால் குட்டியின் பூட்டைத் திறந்து பக்கத்து ஆணியில் தொங்கவிட்டேன். சுவிட்சைப் போட்டேன்.

குட்டி குழியில் இல்லை. ஐந்தாவது மாடியில் கூண்டின் கூரைமேல், காதில் பாட்டு மாட்டிக்கொண்டு, கயிற்றைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். போல்ட் வாங்கிவந்து அரை மணி நேரம் ஆகிவிட்டது. பைக்கை வாட்ச்மேன் பின்பக்கம் தள்ளி நிறுத்தியிருந்தான். இருபத்திரண்டு வருஷமாகக் குழியையே பார்த்துக் கூப்பிட்டவன், ஒரு நாளும் தலையை நிமிர்த்தி மேலே கூப்பிட்டதில்லை.

கூண்டு இறங்க ஆரம்பித்ததும் அவன் கை கயிற்றோடு சக்கரத்துக்குள் போக ஒரு சாண்தான் பாக்கி. உதறிவிட்டு விழுந்து, கூரைமேலிருந்த நிறுத்துகிற பொத்தானைக் காலால் உதைத்திருக்கிறான். முழங்கை தேய்ந்தது, உள்ளங்கை தோல் உரிந்தது, அவ்வளவுதான். பொத்தானைச் சரிசெய்து லிஃப்டை மறுபடி ஓடவைக்க இருபது நிமிஷம் ஆனது. அதுவரை கீழே லிஃப்டுக்காக நின்ற டைரக்டர் கோபத்தில் லிஃப்ட் ஆய்வாளர் அலுவலகத்துக்குப் புகார் எழுதிவிட்டார்.

குட்டி இறங்கிவந்து, ஆணியில் தொங்கிய தன் பூட்டைப் பார்த்தான். சாவி தன் பையில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தான். "நான் பூட்டவே இல்லையாண்ணா? பூட்டின மாதிரிதானே இருக்கு?" என்று என் முகத்தைப் பார்த்தான்.

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். வாய் என்ன சொன்னது தெரியுமா? "மறந்திருப்பே குட்டி. நடக்கறதுதான்."

மூன்று நாள் அந்தச் சொல் தொண்டையில் மீன்முள் மாதிரி இருந்தது. ஒவ்வொரு காலையும் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று கிளம்புவேன். அவன் கட்டுப்போட்ட கையோடு, "என்னால உங்க பேருக்குக் கெட்ட பேர் வந்துடுச்சுண்ணா" என்பான். நான் டீ வாங்கிக் கொடுப்பேன். இதற்குள் ஆய்வாளர் அலுவலகத்து ஆள் வந்து குட்டியிடமும் வாட்ச்மேனிடமும் நடந்ததை எழுதி வாங்கிப்போனான். நான்காம் நாள் எங்களை நேரில் வரச்சொல்லிக் கடிதம் வந்தது. கீழே முத்திரையும் கோழி கிளறின மாதிரி ஒரு கையெழுத்தும் இருந்தன.

போனோம். நீளமான வராந்தா, கதவில் 'முதுநிலை ஆய்வாளர்' என்று மட்டும் பலகை. உள்ளே ஒரு மேசை, அதன்மேல் காகிதம் பறக்காமலிருக்கப் பழைய பிரேக் கட்டை, அலமாரியில் சாய்த்துவைத்த கைத்தடி. தாடியும் கண்ணாடியுமாக ஒருவர் கோப்பைப் படித்துக்கொண்டிருந்தார். நிமிராமல், "உட்காருங்க" என்றார்.

நான் மேசைக்குக் கீழே பார்த்தேன். குற்றமுள்ள நெஞ்சு குனிந்துதானே பார்க்கும். அவர் வலது ஷூவில் விரல்கள் மடங்குகிற இடத்தில் வரிவரியாக மடிப்பு. இடது ஷூ கடையிலிருந்து இப்போதுதான் எடுத்த மாதிரி, ஒரு மடிப்பு இல்லை. அந்தப் பாதம் மடங்குவதே இல்லை.

வெள்ளைச்சட்டைதான். அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். ஆச்சரியம் ஒன்றும் இல்லை. கோப்பைப் பார்த்து எல்லாம் தெரிந்துதான் கூப்பிட்டிருக்கிறான். குட்டிக்குத் தெரியவில்லை. அண்ணன் போனபோது அவனுக்கு எட்டு வயது.

"நீங்க எழுதிக் குடுத்ததைப் படிச்சேன்" என்று குட்டியிடம் சொன்னான் ஆய்வாளர். குட்டியின் முகத்தை நேராகப் பார்க்காமல் அந்தக் கட்டுப்போட்ட கையையே பார்த்தான். "பூட்ட மறந்துட்டேன்னு எழுதியிருக்கீங்க. நல்லா ஞாபகம் இருக்கா?"

"ஞாபகம் இல்ல சார். ஆனா பூட்டு திறந்து இருந்துச்சு, சாவி என்கிட்ட மட்டும்தான் இருக்கு. வேற யாரு திறந்திருக்க முடியும்?" என்றான் குட்டி. பிறகு வருத்தமாகச் சிரித்தான். "எங்க வீட்டுல இது ரெண்டாவது சார். என் கூடப்பிறந்த அண்ணன் ஒருத்தர், இதே மாதிரிதான், பூட்டு இல்லாம இறங்கி காலைப் போக்கிக்கிட்டார். கவனக்குறைவு எங்க ரத்தத்துலயே இருக்கு போல."

ஆய்வாளர் எழுந்தான். கைத்தடியை எடுத்துக்கொண்டு, "ஒரு நிமிஷம்" என்று பக்கத்து அறைக்குப் போனான். அங்கே குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. வெகுநேரம் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. திரும்பி வந்தபோது முகமும் தாடியும் சட்டைக் காலரும் நனைந்திருந்தன. தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். நான் அதைக் கண்ணால் பார்த்தேன். அந்த வேதக் கதையின் மீதியைப் பிற்பாடு ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அதிகாரியாகிவிட்ட தம்பியும் இப்படித்தான், கூடப்பிறந்த குட்டித் தம்பியைப் பார்த்ததும் உள்ளறைக்குப் போய் அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்தானாம்.

அவன் ஒரு தாளை என் பக்கம் தள்ளினான். "நீங்க முதலாளி. உங்க மெக்கானிக் பூட்டாம வேலை செஞ்சார்னு இதுல கையெழுத்துப் போட்டீங்கன்னா வேலை முடிஞ்சுது. அவர் லைசென்ஸ் ரெண்டு வருஷம் நிறுத்தி வைப்போம். உங்க மேல ஒண்ணும் வராது. நீங்க போகலாம்."

"போட்டுடுங்கண்ணா" என்று குட்டியே பேனாவை எடுத்து என் கையில் கொடுத்தான்.

பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கையெழுத்துப் போட்டால் குட்டி என்னோடு இருப்பான். இரண்டு வருஷம் கணக்கு எழுதட்டும், சாமான் வாங்கட்டும், என் வீட்டில் சாப்பிடட்டும், 'அண்ணா' என்று கூப்பிடட்டும். உண்மையைச் சொன்னால் அவன் லைசென்ஸ் அவனுக்கு இருக்கும், எனக்கு அவன் இருக்கமாட்டான். கணக்கு அவ்வளவுதான்.

"கையெழுத்துக்கு முன்னால ஒரு கேள்வி" என்றான் ஆய்வாளர். "உங்களுக்கு மூணுதரம்னு பேராமே. வாட்ச்மேன் வாக்குமூலத்துல இருக்கு. பூட்டுன்னு ஒண்ணு இருக்கும்போது எதுக்குக் கூப்பிடறீங்க?"

குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் கண் சாதாரணமாக இல்லை.

நான் பேனாவைக் கீழே வைத்தேன். இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை அவிழ்த்து அந்தத் தாளின்மேல் வைத்தேன். பதினொரு சாவிகள். "இது என் ஆளுங்க எல்லார் பூட்டுக்கும் ரெண்டாவது சாவி. குட்டி பூட்ட மறக்கல. நான்தான் திறந்தேன். அவன் கேட்டப்போ, 'நீ மறந்திருப்பே'ன்னு சொன்னதும் நான்தான். லைசென்ஸ் போறதுன்னா என்னோடது போகட்டும். அவன் மேல எழுதாதீங்க."

"என்னண்ணா சொல்றீங்க?" என்றான் குட்டி. தனக்காக நான் பொய் சொல்கிறேன் என்று நினைத்து அவன் சிரிக்கக்கூட ஆரம்பித்தான்.

"இரு குட்டி, இன்னும் முடியல" என்றேன். இப்போது நிறுத்தினால் இன்னொரு இருபத்திரண்டு வருஷம் ஆகிவிடும். "உன் அண்ணன் பூட்டு இல்லாம இறங்கல. என் பூட்டு இருந்துச்சு. அதை நம்பித்தான் இறங்கினான். நான் கதவைச் சாத்தி, பூட்டைக் கழட்டிட்டு டீ குடிக்கப் போயிட்டேன். அப்பாகிட்டப் பொய் சொன்னேன். அப்பா அதை நம்பினார். நீயும் நம்பினே. உன் அண்ணன் அங்க உட்கார்ந்திருக்கான், பாரு."

குட்டி பார்த்தான். அவன் பார்வை முகத்திலிருந்து கைத்தடிக்குப் போய், மேசைக்குக் கீழே அந்த ஷூவுக்கு வந்தது. நாற்காலியை என் பக்கத்திலிருந்து நகர்த்தினான். ஒரு அடிகூட இருக்காது, ஆனால் அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது.

வெள்ளைச்சட்டை அவனைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தான். 'நீங்க' போய்விட்டது. "நான் உன்கிட்ட ஒண்ணுதான் கேக்கணும். இத்தனை வருஷமா அது ஒண்ணுதான். அன்னிக்கு நான் கூப்பிட்டேன். அது உனக்குக் கேட்டுச்சா? இல்ல, அதுக்குள்ள தூரமாப் போயிட்டியா?"

கேட்கவில்லை என்று சொன்னால் அவனுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்! எனக்கும்தான். அவனே எனக்கு வழிகூடக் காட்டிவிட்டான்.

"கேட்டுச்சு" என்றேன். "மூணு தரமும் கேட்டுச்சு. கதவுகிட்டத்தான் நின்னேன்."

அவன் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தான்.  எனக்கு அழுகை வந்தது. அந்த அறையில் அழ எனக்கு யோக்கியதை இல்லை என்று அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. குட்டி எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டான்.

"அப்பா?" என்றான் வெள்ளைச்சட்டை கடைசியில்.

"போய் நாலு வருஷம் ஆச்சு. தூக்கத்துலயே."

"கடைசி வரைக்கும் நான் பொய் சொன்னேன்னுதான் நினைச்சாரா?"

"உன் மேல கோபம் ரொம்ப நாள் இல்ல. தன் மேலதான் கோபம். நீ எங்களை விட்டுப் போன அந்த வாரமே ஒரு பூட்டு வாங்கிட்டு வந்து, பலகையில புதுசா ஒரு கொக்கி அடிச்சு மாட்டினார். 'அவனுக்கு ஒரு பூட்டு வாங்கித் தந்திருந்தா கால் இருந்திருக்கும், நான்தான் தரல'ன்னு சாகற வரைக்கும் சொல்லிட்டே இருந்தார். நான் பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டே இருந்தேன்." என் பாவங்களை வரிசைப்படுத்தினால் இதைத்தான் முதலில் வைப்பேன். அவர் செய்யாத தப்பை அவர் தலையில் ஏற்றி அனுப்பிவைத்தேன். "மாசம் ஒரு தரம் அதுக்கு எண்ணெய் விடறேன். துரு ஏறல."

அவன் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டான். மறுபடி ஆய்வாளராகிவிட்டான். என் சாவிக்கொத்தை ஒரு உறையில் போட்டு ஒட்டினான். "உங்க லைசென்ஸ் ரெண்டு வருஷத்துக்கு நிறுத்தி வைக்கப்படும். உத்தரவுக்கு முன்னால இடத்தைப் பார்க்கணும். வெள்ளிக்கிழமை காலையில பத்து மணிக்கு அந்தக் கட்டடத்துக்கு வரேன். குழியையும் பார்க்கணும்." கதவருகே நான் போனபிறகு, "அந்தப் பூட்டை எடுத்துட்டு வாங்க" என்றான்.

குட்டி அன்று வீட்டுக்கு வரவில்லை. சிநேகிதன் வீட்டில் இருப்பதாக என் மனைவிக்குப் போன் செய்தான். பட்டறைக்குப் போய்ப் பார்த்தால் பலகையில் அவன் கொக்கி காலி. பூட்டை எடுத்துப் போய்விட்டான். என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் இரண்டு நாள் என்னை ஒரு தரம்கூடச் சாப்பிடக் கூப்பிடவில்லை. தட்டை வைத்துவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு முன்பே போய் நின்றேன். குட்டி வந்திருந்தான், ஆனால் எதிர்ச்சுவர் ஓரமாக. வெள்ளைச்சட்டை ஒரு பழைய நீலச் சட்டையில், சட்டையெல்லாம் கிரீஸ் கறையோடு வந்து இறங்கினான். நேராகக் குட்டியிடம் போனான். இரண்டு பேரும் என்ன பேசுவதென்று தெரியாமல் நின்றார்கள். "கை எப்படி இருக்கு?" என்றான். "பரவாயில்லண்ணா" என்றான் குட்டி. அந்த 'அண்ணா' இருபத்திரண்டு வருஷமாக எனக்கு மட்டும் வந்துகொண்டிருந்தது. கொடுத்தாகவேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

நான் மெயின் சுவிட்சை அணைத்தேன். துணியில் சுற்றி வைத்திருந்த, அப்பா வாங்கிய பூட்டைச் சாவியோடு நீட்டினேன். அவன் வாங்கி எடைபார்ப்பது போல உள்ளங்கையில் வைத்துக்கொண்டான். சாவியைப் போட்டுத் திருப்பினான். எண்ணெய் விட்ட பூட்டு, சட்டென்று திறந்தது. சுவிட்சின் வளையத்தில் மாட்டிப் பூட்டினான். சாவியைச் சட்டைப்பையில் போட்டு, அந்தப் பையைக் கையால் ஒரு தரம் அழுத்திக்கொண்டான்.

பிறகு என்னைப் பார்த்து, "உன்னோடதையும் போடு" என்றான்.

"என் லைசென்ஸ்தான் போச்சே. என் பூட்டு செல்லாது."

"உத்தரவுல நாளைக்குத்தான் கையெழுத்துப் போடுவேன். இன்னிக்கு உன் பூட்டு செல்லும். போடு."

வளையம் இரண்டு தரம் தவறியது. போட்டேன். அப்பாவின் பூட்டோடு என் பூட்டும் இடித்துக்கொண்டு தொங்கியது. அவன் கைத்தடியைக் குட்டியிடம் கொடுத்துவிட்டு, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, நல்ல காலை முதலில் வைத்து ஏணியில் இறங்கினான். ஒவ்வொரு படிக்கும் அந்த இடது ஷூ இரும்பில் தட்டும் சத்தம் கேட்டது.

நான் சுவிட்சுக்கும் கதவுக்கும் நடுவில் நின்றுகொண்டேன். மேனேஜர் வந்தார். "இன்னும் எவ்வளவு நேரம்? மேல ஆள் காத்துட்டிருக்காங்க!"

"படியேறிப் போகச் சொல்லுங்க" என்றேன். நான் பார்த்த பார்வையில் அவர் வேறு ஒன்றும் பேசாமல் போய்விட்டார்.

கீழே தேங்கிக் கிடந்த தண்ணீரில் கால் வைக்கும் சத்தம் வந்தது.  அப்புறம் குழிக்குள்ளிருந்து, மெதுவாக, "அண்ணா" என்றான்.

எனக்குக் குரல் எழும்பவில்லை. எத்தனையோ கட்டடத்தில், எத்தனையோ குழிக்குள் கத்தின தொண்டை அது.

"அண்ணா."

முட்டிபோட்டு உட்கார்ந்து தலையை உள்ளே நீட்டினேன். "இருக்கேன்டா."

 மூன்றாவது தரம் கூப்பிட்டபோது அவன் குரல் இருபது வயதுப் பையனுடையது மாதிரி உடைந்திருந்தது. "அண்ணா."

"இங்கதான் இருக்கேன். எங்கயும் போகல."

அவன் மூச்சு விட்டது மேலே வரை கேட்டது. பிறகு, "இந்த டார்ச் பத்தல, சுவர் ஓரம் ஒண்ணும் தெரியல. இன்னொண்ணு குடு" என்றான்.

நான் கையைப் பின்னால் நீட்டினேன். யாரிடம் கேட்கிறேன் என்று நான் யோசிக்கவே இல்லை. எதிர்ச்சுவரிலிருந்து காலடி வந்தது. குட்டி என் முகத்தைப் பார்க்காமல், தன் டார்ச்சை என் உள்ளங்கையில் வைத்தான். அதை வாங்கிக் குழிக்குள் எட்டின மட்டும் இறக்கினேன். கீழேயிருந்து ஒரு கை வந்து வாங்கிக்கொண்டது.